கிறிஸ் கௌட்ரி: ஒரே ஒரு டெஸ்டின் கேப்டனைப் பற்றிக் கொஞ்சம் நியாயமாகப் பேசுவோமா?

#1
பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

வேறோர் இழையில் 1988ஆம் ஆண்டுக் கோடையில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இங்கிலாந்து நான்கு கேப்டன்களை மாற்றிய கதை பேச்சில் வந்தது. "மூன்றாவது ஆள் தேர்வுக்குழுத் தலைவரின் ஞானமகன், அவ்வளவுதான்" என்று ஒருவர் ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார். அந்த வரி இரண்டு நாட்களாக முள்ளாக உறுத்துகிறது. அதனால்தான் இந்தத் தனி இழை.

சொன்னதில் பொய் இல்லை. பீட்டர் மே அப்போது தேர்வுக்குழுத் தலைவர். கிறிஸ் கௌட்ரியின் ஞானத்தந்தையும் அவரே. கிறிஸின் தந்தை காலின் கௌட்ரியும் மேயும் 1957 ஜூன் மாதம் எட்ஜ்பாஸ்டனில் 411 ஓட்டங்கள் சேர்த்த ஜோடி. ராமதின் என்ற மேற்கிந்தியச் சுழற்பந்து வீச்சாளரின் மர்மத்தை உடைத்த ஆட்டம் அது. அந்த இன்னிங்ஸில் மட்டும் அவர் 98 ஓவர்கள் வீச நேர்ந்தது. மே 285 நாட் அவுட், காலின் 154. அதே ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி கிறிஸ் பிறந்தார். அதாவது அந்த 411 நடந்தபோது அவர் தாயின் வயிற்றில். அவ்வளவு நெருக்கமான நட்பில் பிறந்த பிள்ளைக்கு, 31 ஆண்டுகள் கழித்து அதே மேற்கிந்திய அணிக்கு எதிராக, அதே மே கேப்டன் பதவியைக் கொடுத்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 1988 ஜூலையில் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போட்டியான கவுன்டி சாம்பியன்ஷிப் பட்டியலைப் பார்த்தவர்கள் வேறொன்றையும் கவனித்திருப்பார்கள். கிறிஸ் கேப்டனாக இருந்த கென்ட் மேலே நின்றது. முந்தைய ஆண்டு பட்டியலின் கீழ்ப்பகுதியில் கிடந்த அணி அது. ஆலன் நாட் 1985இல் போய்விட்டார். டெரக் அண்டர்வுட் 1987இல் ஓய்வு பெற்றார். கிரஹாம் டில்லி அதே 1987இல் வூஸ்டர்ஷயருக்குப் போய்விட்டார். பெரிய பெயர்கள் எல்லாம் உதிர்ந்த பிறகு மிஞ்சியவர்களை வைத்து ஓர் அணியை மேலே ஏற்றியவர் கிறிஸ். அந்த உழைப்பை யாரும் பேசுவதில்லை. ஞானத்தந்தையைத்தான் பேசுகிறார்கள்.

இந்த மனிதரை முழுதாகப் பார்ப்போம் என்பதே என் வேண்டுகோள்.

#2
மூன்றாவது ஸ்லிப் எழுதியது:

அந்த ஒரு வரியை எழுதியவன் நான்தான். பின்வாங்கப் போவதில்லை. எண்களை வைத்துப் பேசுவோம்.

6 டெஸ்ட். 101 ஓட்டங்கள். சராசரி 14.42. அதிகபட்சம் 38. விக்கெட் 4. இதுதான் டெஸ்ட் வாழ்க்கை. முதல் ஐந்து ஆட்டங்கள் 1984-85 இந்தியப் பயணத்தில். பிறகு மூன்றரை ஆண்டுகள் அணியின் வாசலிலேயே இல்லை. அப்படி வெளியே இருந்தவரை நேராகக் கேப்டனாக அழைத்து வந்தார்கள். அணியில் யார் யார் இருந்தார்கள்? முன்னாள் கேப்டன் டேவிட் கவர். அடுத்து கேப்டனாகப் போகும் கிரஹாம் கூச். ஆலன் லாம்ப். மறுபக்கம் மார்ஷல், ஆம்புரோஸ், வால்ஷ். இடையில் ஏழாம் எண்ணில் இவர்.

இரண்டு இன்னிங்ஸில் 0 மற்றும் 5. பத்து விக்கெட் தோல்வி.

கென்ட் கேப்டன் பதவியே எப்படி வந்தது? கிறிஸ் டவாரே 1983, 1984 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கென்ட்டை லார்ட்ஸ் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். அப்படிப்பட்டவரை இறக்கிவிட்டு 1985இல் கௌட்ரி வீட்டுப் பிள்ளையை ஏற்றினார்கள். டவாரே மனம் நொந்திருக்க மாட்டாரா? 1989இல் அவர் சாமர்செட்டுக்குப் போய்விட்டார். காலினின் மாமனார் கென்ட் கிளப்பின் தலைவராக இருந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புலிக்குப் பிறந்தது பூனையாகாது என்பார்கள். புலி பிறந்த குகையில் பிறந்ததாலேயே புலி என்று நினைத்துக்கொள்வதும் தவறுதானே?

#3
பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

மூன்றாவது ஸ்லிப் அவர்களே, டவாரேயின் விஷயத்தில் உங்கள் வருத்தத்தில் பாதி எனக்கும் உண்டு. ஆனால் எண்களை எடுத்தீர்கள் என்பதால் ஓர் எண்ணைக் கேட்கிறேன். மைக் பிரயர்லியின் டெஸ்ட் சராசரி என்ன? 39 டெஸ்ட்களில் 22.88. ஒரு சதம்கூட இல்லை. அவரைத்தான் இங்கிலாந்து தலைசிறந்த கேப்டன்களில் ஒருவராகக் கொண்டாடுகிறது. ஆட்டத்துக்காக மட்டுமன்றி, ஆட்களை நடத்தும் திறமைக்காகவும் ஒருவரைக் கேப்டனாக்குவது அந்த நாட்டு வழக்கம். அது சரியா தவறா என்பது வேறு விவாதம். கிறிஸுக்காகப் புதிதாகக் கண்டுபிடித்த வழக்கம் அல்ல.

பூனை என்ற சொல்லை ஏற்க மாட்டேன். ஏறக்குறைய 300 முதல்தர ஆட்டங்கள், 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டங்கள், 21 சதங்கள், 200 விக்கெட். அதோடு அக்காலக் கவுன்டி கிரிக்கெட்டின் சிறந்த பீல்டர்களில் ஒருவர். 1976இல் தொடங்கி 1991 வரை கென்ட், பிறகு 1992இல் ஒரு பருவம் கிளாமர்கன். இது தந்தையின் பெயரைக் காட்டி வாங்கிய சோறு அல்ல.

#4
நீலகிரிவாசி எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். கௌட்ரி என்ற பெயரைக் கண்டால் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சும்மா இருக்க முடியாது.

காலின் கௌட்ரி 1932 டிசம்பர் 24 அன்று பிறந்தார். பழைய குறிப்புப் புத்தகங்களில் பிறந்த இடம் பெங்களூர் என்று இருக்கும். இப்போது உதகமண்டலம் என்று திருத்தி எழுதுகிறார்கள். தந்தை எர்னஸ்ட் தேயிலைத் தோட்டத்துரை, கிரிக்கெட் பித்தர். 1926-27இல் ஆர்தர் கில்லிகன் தலைமையில் எம்.சி.சி. (லண்டனின் புகழ்பெற்ற மெரில்போன் கிரிக்கெட் கிளப்) அணி இந்தியா வந்தபோது, ஐரோப்பியர் அணிக்காக அதை எதிர்த்து ஆடி 48 ஓட்டங்கள் எடுத்தவர். முதல்தர கிரிக்கெட்டில் அவர் ஆடியது அந்த ஓர் ஆட்டம்தான். மகனுக்கு மைக்கேல் காலின் கௌட்ரி என்று பெயர் வைத்தார். முதலெழுத்துகளைச் சேர்த்துப் படியுங்கள்: எம்.சி.சி. பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போதே தலையெழுத்தை எழுதிவிட்டார்.

எனக்கு எப்போதும் நெஞ்சைப் பிசையும் செய்தி ஒன்று உண்டு. 1938இல் ஐந்து வயதுக் காலினை இங்கிலாந்தில் பள்ளியில் விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். போர் மூண்டது. கடல் வழி அடைபட்டது. ஏழு ஆண்டுகள் அந்தப் பையன் தாய் தந்தையைப் பார்க்கவில்லை. மீண்டும் சந்தித்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. 13 வயதில் டன்பிரிட்ஜ் பள்ளிக்காக லார்ட்ஸில் ஆடி 75, 44 என்று எடுத்தார். 1954-55இல் முதல் ஆஸ்திரேலியப் பயணம் தொடங்கியபோது தந்தை இறந்த செய்தி வந்தது. அதே பயணத்தில் மெல்போர்னில் அணி மொத்தமே 191 எடுத்த இன்னிங்ஸில் இவர் மட்டும் 102. முதல் டெஸ்ட் சதம்.

சிறுவயதில் தந்தையைத் தொலைத்துத் தேடிய மனிதர், தன் பிள்ளைகள் ஆடும்போது எப்படித் துடித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று: நம் மலையில் வேர்விட்ட காலின், சேப்பாக்கத்தில் ஒரு டெஸ்டிலும் ஆடவில்லை. 1963-64இல் காயம்பட்ட வீரர்களுக்கு மாற்றாக அவர் இந்தியா வந்து சேர்ந்தபோது சென்னை டெஸ்ட் முடிந்துவிட்டது. கல்கத்தாவிலும் டெல்லியிலும் சதம் அடித்துவிட்டுப் போய்விட்டார். சேப்பாக்கத்தில் ஆடியவர் மகன் கிறிஸ்.

#5
வானொலிப் பிரியன் எழுதியது:

நீலகிரிவாசி சொன்ன அந்தச் சேப்பாக்க டெஸ்டை நான் பார்த்தேன். 1985 ஜனவரி 13 முதல் 18 வரை. பொங்கல் டெஸ்ட். கல்லூரி விடுமுறை. அண்ணனும் நானும் விடியற்காலையில் வரிசையில் நின்றோம். தூக்குச்சட்டியில் அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதம், மேலே ஒரு மாவடு. பதினோரு மணி வெயிலில் தூக்குச்சட்டி சுட்ட சூடு இன்னும் தொடையில் இருக்கிறது.

நீல் பாஸ்டர் நம் அணியைப் புரட்டிப் போட்டார், ஆட்டத்தில் 11 விக்கெட். பிறகு பவுலரும் கேட்டிங்கும் ஆளுக்கு ஓர் இரட்டைச் சதம். 201, 207. இங்கிலாந்து 652. கிறிஸ் கௌட்ரியைப் பெரும்பாலும் நான் பார்த்தது பீல்டிங்கில்தான். பந்து வரும் முன்பே எடை முன்காலுக்கு மாறிவிடும். நம்மவர்கள் அப்போது பந்தை நிறுத்தினால் போதும் என்று இருந்த காலம். இவர் பந்தை எடுப்பதும் எறிவதும் ஒரே அசைவாக இருக்கும். அண்ணன் என் முழங்கையைத் தட்டி, "பார், காலை மட்டும் பார்" என்றார்.

அந்தத் தொடரில் கேப்டன் கவருக்கும் கிறிஸுக்கும் நடந்த உரையாடல் ஒன்று பிரபலம். கிறிஸ் பந்துவீசிக்கொண்டிருந்தார். கவர் வந்து, "கேட்டிங்கை இன்னும் ஓரடி அகலமாக நிறுத்தட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம், வெடித்துவிடுவார்" என்றார் கிறிஸ். பருத்த உடம்புக்காரரான கேட்டிங்குக்கும் அவர்மேல் பிரியம் இருந்தது. ஓர் அணியை ஒட்டவைக்கும் பசை இப்படிப்பட்ட ஆட்கள்தாம். மதிப்பெண் அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.

#6
மூன்றாவது ஸ்லிப் எழுதியது:

எல்லோரும் அன்பாகப் பேசுகிறீர்கள். ஆனால் சிரிக்க வைப்பதும் கால் எடுத்து வைப்பதும் கேப்டன் பதவிக்குத் தகுதி ஆகுமா? அவர் கேப்டனாக இருந்த அந்த ஒரே டெஸ்டில், ஹெடிங்லியில் என்ன நடந்தது என்று யாராவது சொல்லுங்கள். தப்பித்துக்கொள்ளாதீர்கள்.

#7
பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

சொல்கிறேன். தப்பிக்க வேண்டிய தேவை இல்லை.

முதலில் பின்னணி. முதல் டெஸ்ட், டிரென்ட் பிரிட்ஜ், டிரா. ஆட்டம் முடிந்த சில நாட்களில், விடுதியில் ஒரு பெண்ணோடு இருந்தார் என்று பத்திரிகைகள் எழுதியதை வைத்துக் கேட்டிங்கை நீக்கினார்கள். அந்தத் தொடரில் இங்கிலாந்து தோற்காத ஒரே ஆட்டத்தின் கேப்டன் அவர். அடுத்த கேப்டன் எம்புரி. லார்ட்ஸில் தோல்வி, ஓல்ட் டிராபோர்டில் இன்னிங்ஸ் தோல்வி. அவரும் போனார். மிச்சமிருந்த இரண்டு டெஸ்ட்களுக்குக் கிறிஸ் என்று அறிவித்தார்கள்.

ஹெடிங்லி வாசலிலேயே சோதனை தொடங்கியது. காரில் வந்தவரைக் காவலாளி உள்ளே விட மறுத்தார். "நான் இங்கிலாந்து கேப்டன்" என்று சொன்னதை அவர் நம்பவில்லை. அந்த நிமிடம் அந்த மனிதர் என்ன உணர்ந்திருப்பார்? சிறு வயதிலிருந்து வீட்டுச் சுவரில் தந்தையின் படங்கள், தொப்பிகள். இங்கிலாந்து கேப்டனாக வேண்டும் என்று எண்ணாத நாள் இருந்திருக்காது. அது கைக்கு வந்த காலையில் வாசல் காவலாளிக்கு முகம் தெரியவில்லை.

முதல் நாள் ஆட்டம் தொடங்கிச் சில ஓவர்களிலேயே வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது நின்றது. வடிகால் அடைத்துக்கொண்டு, தரைக்கடியிலிருந்து தண்ணீர் மேலே கசிந்து, பந்துவீச்சாளர் ஓடிவரும் தடம் சேறாகிவிட்டது. பிறகு லாம்பும் அறிமுக வீரர் ராபின் ஸ்மித்தும் நூறுக்கு மேல் சேர்த்தார்கள். 4 விக்கெட்டுக்கு 183. ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஓட்டம் எடுக்க ஓடிய லாம்புக்குக் கெண்டைக்கால் தசை கிழிந்தது. 64இல் அவரைத் தாங்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்தது 18. மொத்தம் 201. மேற்கிந்தியத் தீவுகள் 275. இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 138. முடிந்தது.

இதில் கேப்டனின் தவறு எது? களவியூகத்தில் பெரிய பிழை என்று யாரும் சுட்டிக்காட்டி நான் படித்ததில்லை. 275க்குள் அந்த மேற்கிந்திய அணியைச் சுருட்டியது சிறிய செயலா? பேட்டிங்கில் அவர் தோற்றார், அது உண்மை. அடுத்த டெஸ்டில் கூச் தலைமையிலும் இங்கிலாந்து தோற்றது. கூச்சின் விரலில் அடிபட்டபோது டெரக் பிரிங்கிள் களத்தில் பொறுப்பேற்றார். அவரையும் சேர்த்து எண்ணினால் ஐந்து பேர். வியாதி வேறெங்கோ இருந்தது. மருந்துப் புட்டிகளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

#8
கென்ட்வாசி எழுதியது:

பத்தொன்பது ஆண்டுகளாகக் கேன்டர்பரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். செயின்ட் லாரன்ஸ் மைதானத்தில் காலின் கௌட்ரி பெயரில் ஒரு பார்வையாளர் மாடம் உண்டு. எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே ஓர் எலுமிச்சை... இல்லை, நம் எலுமிச்சை என்று நினைத்துவிடாதீர்கள். லைம் மரம் என்று இங்கே சொல்வார்கள், இதய வடிவ இலை, காய் கிடையாது. இருநூறு வயதுக்கு மேற்பட்ட அந்த மரத்தில் பந்து பட்டால் நான்கு ஓட்டம். 2005 ஜனவரிப் புயல் காற்றில் அது முறிந்து விழுந்துவிட்டது. நான் பார்த்தது அதற்குப் பதிலாக நட்ட இளமரத்தைத்தான். தன் உயரத்துக்கு நிழல் தருகிறது. ஆனாலும் பழைய ஆட்கள் அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் இல்லாத மரத்தைத்தான் பார்க்கிறார்கள்.

ஒருமுறை பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி எனக்கும் ஒரு மூடி கொடுத்தார். 1975இல் ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக இதே மைதானத்தில் காலின் 151 நாட் அவுட் அடித்ததைப் பார்த்தவர். அதைச் சொல்லும்போது கண் கலங்கியது. கிறிஸைப் பற்றி நான் கேட்டேன். "தந்தைக்குக் கைதட்டினோம், மகனோடு சேர்ந்து ஆடினோம்" என்று பொருள்படும்படி ஒன்று சொன்னார். அதன் பொருள் எனக்கு மெல்லத்தான் விளங்கியது. காலின் ஆடுவதை எட்ட நின்று ரசித்தார்கள். கிறிஸ் சட்டையில் மண் படியப் பாய்ந்து பந்தைத் தடுக்கும்போது, தாங்களே பாய்ந்ததுபோல் உணர்ந்தார்கள்.

மூன்றாவது ஸ்லிப் தம்பி, பதவி வீட்டுச் சொத்தாக வந்தது என்பது உங்கள் கட்சி. வந்ததை அவர் எப்படிச் சுமந்தார் என்று இங்குள்ளவர்களைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும்.

#9
யாழ்த் துடுப்பு எழுதியது:

வணக்கம். கௌட்ரி குடும்பத்தில் எங்களுக்கு நெருக்கமானவர் கிறிஸின் தம்பி கிரஹாம். அவரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

1995ஆம் ஆண்டு எங்கள் அரவிந்த டி சில்வா கென்ட்டுக்கு விளையாடப் போனார். மெய்ட்ஸ்டனில் டார்பிஷயருக்கு எதிரான ஆட்டம். நான்காவது விக்கெட்டுக்கு அரவிந்தவும் கிரஹாம் கௌட்ரியும் 368 ஓட்டங்கள் இணைப்பாட்டம். அரவிந்த 255, கிரஹாம் 137. அதே பருவத்தில் லார்ட்ஸில் நடந்த பென்சன் அன்ட் ஹெட்ஜஸ் ஒருநாள் கிண்ண இறுதியாட்டத்தில் அரவிந்த தோல்வியிலும் 112 அடித்தார். அடுத்த மார்ச்சில் லாகூரில் உலகக் கிண்ண இறுதியில் அவர் அடித்த சதத்தை எங்கள் வீதியே சேர்ந்து ஒரே தொலைக்காட்சியில் பார்த்தது.

அந்த 368இல் மறுமுனையில் நின்றவர் ஒரு கௌட்ரி என்பது பலருக்குத் தெரியாது. 1984 முதல் 1998 வரை கென்ட்டுக்கு ஆடியும் இங்கிலாந்து அணிக்கு ஒருமுறையும் அழைக்கப்படாதவர். 2020 நவம்பரில் 56 வயதில் காலமானார். பெயரை வைத்தே கதவு திறக்கும் என்றால், கிரஹாமுக்கு ஏன் திறக்கவில்லை? இந்தக் கேள்விக்கும் மூன்றாவது ஸ்லிப் அண்ணா விடை சொல்ல வேண்டும்.

#10
மூன்றாவது ஸ்லிப் எழுதியது:

கிரஹாம் பற்றிய கேள்வி நியாயமானது. பெயர் இருந்தால் போதும் என்று நான் சொன்னது மிகை. திருத்திக்கொள்கிறேன். கென்ட்வாசி அக்கா சொன்ன பெரியவரின் சொல்லும் என்னை யோசிக்க வைத்தது.

ஆனால் ஒன்றை யாரும் தொடவில்லை. நானே தொடுகிறேன். 1990 ஜனவரியில் கேட்டிங் தலைமையில் தென்னாப்பிரிக்காவுக்குப் போன அணியில் கிறிஸ் கௌட்ரி இருந்தார். நிறவெறி ஆட்சி பணம் கொடுத்து அழைத்த பயணம். விமான நிலையத்திலும் மைதான வாசல்களிலும் கறுப்பின மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். காவல்துறை அவர்கள்மேல் பாய்ந்தது. பிப்ரவரி 11 அன்று மண்டேலா விடுதலையானார். பயணம் பாதியில் சுருங்கியது, அடுத்த ஆண்டுக்கென்று திட்டமிட்ட இரண்டாம் பகுதி நின்றே போனது.

அந்த நேரத்தில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் தலைவர் யார்? காலின் கௌட்ரி. தென்னாப்பிரிக்காவோடு உறவு வைக்கும் வீரர்களுக்குத் தடை விதிக்கும் சபையின் தலைமையில் தந்தை. தடையை மீறும் அணியில் மகன். அதற்கு 22 ஆண்டுகள் முன்பு, 1968இல், தென்னாப்பிரிக்காவில் பிறந்த வெள்ளையரல்லாத இங்கிலாந்து வீரர் பசில் டி'ஒலிவேராவைத் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு முதலில் சேர்க்காமல் விட்ட தேர்வுக் கூட்டத்தில் கேப்டனாக உட்கார்ந்திருந்தவரும் அதே காலின்தான். பின்னர் ஒருவர் காயத்தால் விலக, டி'ஒலிவேராவைச் சேர்த்ததும், தென்னாப்பிரிக்க அரசு ஏற்க மறுத்ததும், அந்தப் பயணமே ரத்தானதும் உலகறிந்தது.

கேன்டர்பரியில் எத்தனை முறை பாய்ந்து பந்தைத் தடுத்திருந்தாலும் இதை நான் மன்னிப்பதற்கில்லை.

#11
பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

மன்னிக்கச் சொல்லவில்லை. நானும் அதை நியாயப்படுத்த மாட்டேன். அவரோடு போன வேறு பல வீரர்களைப் போலவே அவரும் தவறான பக்கம் நின்றார். 1991இல் தென்னாப்பிரிக்கா சர்வதேச ஆட்டத்துக்கு முறைப்படி திரும்பி வந்தபோது அந்த வாசலைத் திறந்தவர்களில் காலின் ஒருவர். மகன் ஓராண்டு பொறுத்திருக்கலாம். அது என் வருத்தம்.

ஆனால் 1989இல் கிறிஸ் எந்த மனநிலையில் அந்தப் பயணத்துக்குக் கையெழுத்திட்டார் என்பதைப் புரிந்துகொள்ள, ஹெடிங்லிக்குப் பிந்தைய நாட்களைச் சொல்லியாக வேண்டும்.

தொடரின் கடைசி ஆட்டமான ஓவல் டெஸ்டுக்கும் அவர்தான் கேப்டன் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. இடையில் ஒரு கவுன்டி ஆட்டத்தில் காலில் பந்து பட்டு அடி. ஆட முடியவில்லை. கூச்சிடம் கொடுத்தார்கள். காயம் ஆறியது, பதவி திரும்பவில்லை. கேப்டன் பதவி மட்டுமல்ல, டெஸ்ட் அணியில் இடமே பிறகு ஒருபோதும் வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் இந்தியாவுக்கு வரவிருந்த அணிக்கும் கூச்தான் கேப்டன். தென்னாப்பிரிக்கத் தொடர்புள்ள வீரர்களுக்கு நம் அரசு அனுமதி மறுத்ததால் அந்தப் பயணம் நடக்கவில்லை.

இப்போது 1969ஐ நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்து கேப்டன் காலின் கௌட்ரி. மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை லீக் ஆட்டம். ஓட்டம் எடுக்க ஓடும்போது குதிகால் தசைநார் அறுந்தது. "தற்காலிகமாக" ரே இல்லிங்வொர்த்தை நியமித்தார்கள். காலின் குணமாகி வந்தார். பதவி வரவில்லை. 1970-71 ஆஸ்திரேலியப் பயணத்தை இல்லிங்வொர்த் வழிநடத்தி ஆஷஸை வென்றார். காலின் துணைக் கேப்டனாக நான்காவது முறை ஆஸ்திரேலியா போனார். கேப்டனாக ஒருமுறையும் போனதில்லை.

தந்தைக்குக் குதிகால். மகனுக்குப் பாதம். இருவருக்கும் கவுன்டி ஆட்டத்தில். இருவருக்கும் பதவி போய் மறுபடி வரவில்லை. பிரங்க் மேன், ஜார்ஜ் மேன் ஆகியோருக்குப் பிறகு இங்கிலாந்தை வழிநடத்திய இரண்டாவது தந்தையும் மகனும் இவர்கள்தாம். அந்தப் பெருமை ஒருபுறம். இந்த வடு மறுபுறம்.

#12
நீலகிரிவாசி எழுதியது:

படித்து முடித்ததும் சற்று நேரம் எழுத வரவில்லை. 1974இல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்கள் லில்லியும் தாம்சனும் இங்கிலாந்து வீரர்களின் கைகளை உடைத்துப் போட்டபோது, 41 வயதுக் காலினைத்தான் இங்கிலாந்திலிருந்து கூப்பிட்டார்கள். பெர்த்தில் இறங்கி, தாம்சனிடம் போய், "காலை வணக்கம், என் பெயர் கௌட்ரி" என்று சொன்னவர். 22, 41 எடுத்தார். 1963இல் லார்ட்ஸில் வெஸ் ஹால் உடைத்த கையைக் கட்டுப்போட்டுக்கொண்டு கடைசி இரண்டு பந்துகளுக்காக மறுமுனையில் வந்து நின்றவரும் அவரே. அப்படிப்பட்டவர் தந்தையாக இருந்தால், எந்த மகன் பாதத்தில் அடிபட்டு ஆடாமல் உட்கார்ந்தாலும் ஊர் ஒப்பிடத்தான் செய்யும்.

#13
கென்ட்வாசி எழுதியது:

மூன்றாம் தலைமுறையையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸின் மகன் பேபியன் சில ஆண்டுகள் கென்ட்டுக்கு ஆடினார். 2017இல், 24 வயதிலேயே, தொழில்முறை கிரிக்கெட்டை விட்டு விலகினார். அப்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. எம்.சி.சி. என்று முதலெழுத்து வைத்த குடும்பத்தில் ஒருவர் "எனக்கு இது போதும்" என்று சொல்வதற்கும் துணிச்சல் வேண்டும்.

பழைய ஸ்கோர்கார்டு ஐயா, 1988 சாம்பியன்ஷிப் எப்படி முடிந்தது என்று நீங்கள் சொல்லாமலே விட்டுவிட்டீர்கள்.

#14
பழைய ஸ்கோர்கார்டு எழுதியது:

சொல்லக் கை வரவில்லை, அதனால்தான்.

வூஸ்டர்ஷயர் 290. கென்ட் 289.

ஒரு புள்ளி. அக்காலக் கணக்கில் வெற்றிக்கு 16. அதோடு முதல் 100 ஓவர்களுக்குள் 150, 200, 250, 300 என்று தாண்டும்போது ஒவ்வொரு போனஸ் புள்ளி, எதிரணி விக்கெட்டுகள் விழவிழப் பந்துவீச்சுக்கும் அப்படியே. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை எங்கோ ஒரு மதியம், நூறாவது ஓவரில் இரண்டு ஓட்டம் கூடுதலாக வந்திருந்தால் கணக்கு மாறியிருக்கும். வூஸ்டர்ஷயரில் அந்த மே மாதம்தான் பேட்ஸ்மேன் ஹிக் டான்டனில் 405 நாட் அவுட் அடித்தார். அவரோடு பந்துவீசியவர்களில் ஒருவர் கென்ட்டிலிருந்து போன டில்லி.

இது ஒன்று மட்டும் என்றால் விதி என்று விடலாம். 1984 நாட்வெஸ்ட் ஒருநாள் கோப்பை இறுதியில் மிடில்செக்ஸிடம் கடைசிப் பந்தில் தோல்வி, அப்போது கிறிஸ் வீரர். 1986 பென்சன் அன்ட் ஹெட்ஜஸ் இறுதியில் அதே மிடில்செக்ஸிடம் இரண்டு ஓட்டத்தில் தோல்வி, அப்போது கேப்டன். 1988இல் ஒரு புள்ளி. கடைசிப் பந்து, இரண்டு ஓட்டம், ஒரு புள்ளி. ஒன்று கைகூடியிருந்தால்கூட இந்த இழையின் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும்.

#15
மூன்றாவது ஸ்லிப் எழுதியது:

அந்த 289 எனக்குத் தெரியாது. ஞானமகன் என்று ஒரு வரியில் எழுதியது அவசரம்தான், திரும்பப் பெறுகிறேன். தென்னாப்பிரிக்கா விஷயத்தில் என் கருத்து அப்படியே இருக்கிறது. டவாரே விஷயத்திலும்.

வானொலிப் பிரியன் ஐயா, அந்த 1984 பம்பாய் டெஸ்ட் ஒலிபரப்பைக் கேட்டிருப்பீர்கள் அல்லவா? அவருடைய முதல் ஆட்டம் அது.

#16
வானொலிப் பிரியன் எழுதியது:

கேட்டேன், தம்பி. சாதாரண நாட்கள் அல்ல அவை. இங்கிலாந்து அணி வந்திறங்கிய சில மணி நேரத்தில் இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அணி சிறிது காலம் இலங்கைக்குப் போய்த் திரும்பியது. பம்பாயில் டெஸ்டுக்கு முந்தைய நாள் காலை, பிரிட்டிஷ் துணைத் தூதர் பெர்சி நோரிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய மாலையில்தான் அவர் வீரர்களுக்கு விருந்து கொடுத்திருந்தார். அந்த மனநிலையோடு நவம்பர் 28 அன்று வான்கடேயில் இறங்கினார்கள். நம் சென்னைப் பையன் சிவராமகிருஷ்ணன், 19 வயது நிரம்பாதவர், ஆட்டத்தில் 12 விக்கெட் எடுத்தார். எங்கள் தெருவில் அந்தப் பேச்சுதான்.

அதனால் கிறிஸ் கௌட்ரியின் கணம் எங்கள் காதில் சரியாக விழவில்லை. நம் இன்னிங்ஸில் கபில்தேவ் 42இல் இருந்தார். கவர் பந்தைக் கிறிஸிடம் கொடுத்தார். டெஸ்டில் அவர் வீசும் முதல் ஓவர். நான்காவது பந்து. கபில்தேவ் போல்டு.

அந்த நேரத்தில் லண்டனில் காலின் கௌட்ரி கார் ஓட்டிக்கொண்டு, வானொலியில் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். மகன் பந்துவீச வருகிறான் என்று கேட்டதும் கவனம் முழுவதும் அதற்குள் போய்விட்டது. 114 டெஸ்ட் ஆடியவர், முதன்முதலாக நூறு டெஸ்டைத் தொட்டவர். ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் காரைத் திருப்பிவிட்டார்.